வேலை தேடும் இளைஞருக்கு அரசு வழிகள்: பதிவு, உதவித்தொகை, ஐடிஐ, அப்ரண்டிஸ்

தமிழ்நாட்டில் வேலையில்லாத இளைஞர்களுக்கு அரசு வைத்திருக்கும் திட்டங்கள் ஒரே இடத்தில் இல்லை. வேலைவாய்ப்பு அலுவலகம் ஒரு பக்கம், ஐடிஐ சேர்க்கை இன்னொரு பக்கம், அப்ரண்டிஸ் பயிற்சி (மாத உதவித்தொகையுடன் நிறுவனத்தில் தொழில் பழகுவது) மத்திய அரசின் இரண்டு போர்டல்களில், குறுகிய காலப் பயிற்சி திறன் மேம்பாட்டுக் கழகத்தில் என்று சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வயது வரம்பு வேறு, கெடு தேதி வேறு. ஒன்றில் பதிந்தால் மற்றது தானாகத் தேடி வராது.

தகுதி இருந்தும் கைநழுவ விடுகிறவர்களைப் பார்த்தால், பெரும்பாலும் மூன்றே காரணங்கள்தான்: சான்றிதழ்களில் பெயர் பொருந்தவில்லை, பதிவைப் புதுப்பிக்கவில்லை, பணம் வேறு வங்கிக் கணக்குக்குப் போய்விட்டது. அதனால் எந்தத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று யோசிப்பதற்கு முன்பே காகிதங்களைச் சரிசெய்துவிடுங்கள்.

முதலில் காகிதங்கள்

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இனிஷியல் ஒரு தனித் தலைவலி. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ‘கார்த்திக் செ’ என்று இருக்கும். ஆதாரில் ‘கார்த்திக் செல்வராஜ்’. பான் அட்டையில் ‘செல்வராஜ் கார்த்திக்’. வங்கிப் புத்தகத்தில் ‘எஸ். கார்த்திக்’. ஊரில் எல்லாருக்கும் இது ஒரே ஆள்தான். ஆதாரை வைத்து ஆளைச் சரிபார்க்கும் போர்டலுக்கு இது நான்கு பேர். அப்ரண்டிஸ் போர்டலிலும் உதவித்தொகை விண்ணப்பத்திலும் முதலில் முட்டி நிற்பது இங்கேதான்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு ஏற்ப மாற்றுங்கள். மதிப்பெண் சான்றிதழைத் திருத்துவது அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை போகும் நீண்ட வேலை. ஆதாரைத் திருத்துவது அதைவிட எளிது. ஆனால் ஆதாரில் பெயரை மாற்ற ஆயுளுக்கு இரண்டு முறைதான் வாய்ப்பு, பிறந்த தேதிக்கு ஒரே முறை. சேவை மையத்தில் தட்டச்சு செய்பவர் திரையைக் காட்டி ‘சரியா?’ என்று கேட்கும்போது தலையாட்டிவிடாமல், இனிஷியல் எங்கே இருக்கிறது, நடுவில் இடைவெளி இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஆதார் சரியான பிறகு பான், அதன் பிறகு வங்கி.

அடுத்தது வங்கிக் கணக்கு. ‘ஆதாரை வங்கியில் இணைத்துவிட்டேன்’ என்று பலரும் சொல்வார்கள். கேஒய்சிக்காக, அதாவது வங்கி உங்கள் அடையாளத்தைச் சரிபார்க்க, ஆதார் நகல் கொடுத்தது வேறு; அரசின் நேரடிப் பணப் பரிமாற்றம் வந்து சேர அந்தக் கணக்கை ஆதாருடன் பொருத்தி வைப்பது வேறு. எத்தனை வங்கிகளில் கணக்கு வைத்திருந்தாலும், ஒரு ஆதார் எண்ணுக்கு ஒரு நேரத்தில் ஒரே வங்கிதான் இப்படிப் பொருந்தியிருக்கும். கடைசியாக எங்கே ஒப்புதல் கொடுத்தீர்களோ அங்கேதான் பணம் போகும். கம்பெனியில் சேர்ந்ததும் சம்பளக் கணக்கு திறப்பார்கள். படிவத்தில் ஒரு கட்டத்தில் டிக் அடிக்கச் சொல்வார்கள். அன்றிலிருந்து உதவித்தொகை பழைய கணக்குக்கு வராது. ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் உங்கள் எண்ணைப் போட்டு ஓடிபி கொடுத்தால் எந்த வங்கி பொருந்தியிருக்கிறது என்று தெரியும். அரசுப் பணம் எதிர்பார்க்கும் காலத்தில் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். அது ஓராண்டுக்குத்தான் செல்லும். எனவே தேவைப்படும் மாதத்துக்குச் சற்று முன் எடுத்தால் போதும். சாதிச் சான்றிதழை அப்படித் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியதில்லை. கையில் பழைய கையெழுத்துச் சான்றிதழ் மட்டும் இருந்தால் இப்போதே டிஜிட்டல் சான்றிதழாக மாற்றிக்கொள்ளுங்கள்.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் வழங்கும்போது பள்ளியிலேயே பதிந்து கொடுத்துவிடுகிறார்கள். சிக்கல் அதன் பிறகு ஆரம்பிக்கிறது. பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பள்ளியில் பதிந்தபோது கொடுத்த செல்பேசி எண் அப்பாவுடையதாக இருக்கும், அல்லது எப்போதோ காலாவதியான சிம்மாக இருக்கும். அட்டையில் அடுத்த புதுப்பிப்பு மாதம் அச்சிட்டிருக்கும். அந்தத் தேதியைக் கைபேசி நாட்காட்டியில் போட்டு வையுங்கள். பதிவு எண்ணும் கடவுச்சொல்லும் இருந்தால் வேலைவாய்ப்புத் துறை இணையதளத்தில் ஐந்து நிமிட வேலை, கட்டணம் இல்லை. எண்ணே மறந்துபோயிருந்தால் பத்தாம் வகுப்புச் சான்றிதழும் ஆதாரும் எடுத்துக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்கு நேரில் போங்கள்.

காலம் தாண்டினால் பதிவு மூப்பு, அதாவது பதிந்த நாளை வைத்து வரிசையில் உங்களுக்குள்ள இடம், போய்விடும். புதிதாகப் பதிந்து முதலிலிருந்து எண்ண வேண்டியதுதான். விட்டுப்போனவர்களுக்கு அரசு எப்போதாவது சிறப்புச் சலுகை அறிவித்து, குறிப்பிட்ட ஆண்டுகளில் புதுப்பிக்கத் தவறியவர்களைப் பழைய மூப்போடு சேர்த்துக்கொள்வதுண்டு. அதை நம்பி இருக்க வேண்டாம்.

கல்லூரி முடித்தவர்கள் செய்யும் தவறு இன்னொன்று. பள்ளிப் பதிவு உயிரோடு இருக்கிறது என்பதற்காகப் பட்டம் தானாக ஏறிவிடாது. கூடுதல் கல்வித் தகுதியை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். அந்தப் படிப்புக்கான மூப்பு, சேர்த்த நாளிலிருந்துதான் கணக்கு. 2020இல் பட்டம் வாங்கி 2024இல் சேர்த்தால் நான்கு ஆண்டு நஷ்டம். முதுகலைப் படிப்பும் பொறியியல், மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்பும் சென்னையிலும் மதுரையிலும் உள்ள தொழில் மற்றும் செயல் வேலைவாய்ப்பு அலுவலகங்களின் கீழ் வரும். ஆதரவற்ற விதவை, முன்னாள் ராணுவத்தினர், கலப்புத் திருமணம் செய்தவர், அரசுக்கு நிலம் கொடுத்த குடும்பத்தினர் ஆகியோருக்கு முன்னுரிமை உண்டு. அதற்கான சான்றையும் பதிவில் ஏற்றியிருந்தால்தான் அந்த முன்னுரிமை செல்லும்.

இந்தப் பதிவிலிருந்து எவ்வளவு எதிர்பார்க்கலாம்? அரசு வேலைகளில் பெரும்பகுதி டிஎன்பிஎஸ்சி, ஆசிரியர் தேர்வு வாரியம், சீருடைப் பணியாளர் தேர்வாணையம் வழியாகப் போகிறது. அலுவலக உதவியாளர், ஓட்டுநர், இரவுக் காவலர் (வாட்ச்மேன்) மாதிரி சில பணியிடங்களுக்கு மட்டும் மூப்புப் பட்டியல் கேட்கிறார்கள். ‘கார்டு வரும்’ என்று வீட்டில் உட்கார்ந்திருக்க இது போதாது. ஆனால் உதவித்தொகைக்கு இதுதான் அடிப்படை. அந்த அலுவலகத்திலேயே நடக்கும் தன்னார்வ பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்கு இலவச வகுப்பும் கிடைக்கும். காசு கட்டி கோச்சிங் சென்டரில் சேருவதற்கு முன் ஒரு வாரம் இங்கே போய் உட்கார்ந்து பாருங்கள்.

வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை

பொதுப் பிரிவில் மாதத்துக்கு: பத்தாம் வகுப்பு தவறியவருக்கு 200 ரூபாய், தேறியவருக்கு 300, பன்னிரண்டாம் வகுப்பு தேறியவருக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கியில் விழும். மூன்று ஆண்டு வரை கிடைக்கும். பட்டதாரிக்கு மொத்தமாகக் கூட்டினாலும் 21,600 ரூபாய்தான். இதில் யாரும் குடும்பம் நடத்த முடியாது. தேர்வுக் கட்டணத்துக்கும் பஸ் செலவுக்கும் உதவும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிபந்தனைகள்: பதிந்து ஐந்து ஆண்டு முடிந்திருக்க வேண்டும், இடையில் புதுப்பிக்காமல் விட்டிருக்கக் கூடாது. வயது 40க்குள், எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 45. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. கல்லூரியில் நேரடியாகப் படித்துக்கொண்டிருக்கக் கூடாது. தொலைநிலைக் கல்வி பரவாயில்லை. பொறியியல், மருத்துவம், சட்டம் மாதிரி தொழிற்பட்டம் பெற்றவர்களுக்குக் கிடையாது.

மாற்றுத்திறனாளிகளுக்குக் கணக்கே வேறு. பதிந்து ஓராண்டு போதும், வயது வரம்பும் வருமான வரம்பும் இல்லை, பத்து ஆண்டு வரை கிடைக்கும். பத்தாம் வகுப்பு வரை 600, பன்னிரண்டாம் வகுப்புக்கு 750, பட்டதாரிக்கு 1,000 ரூபாய். தகுதியுள்ள பலர் பொதுப் பிரிவு நிபந்தனைகளைக் கேட்டுவிட்டு ‘நமக்கு இல்லை’ என்று விட்டுவிடுகிறார்கள்.

விண்ணப்பம் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இலவசமாகக் கிடைக்கும், இணையதளத்திலும் இறக்கிக்கொள்ளலாம். அதில் வருவாய்த் துறையினர் சான்றளிக்க வேண்டிய பகுதி ஒன்று இருக்கிறது. விஏஓ அலுவலகத்துக்கும் ஆர்ஐ அலுவலகத்துக்கும் நடக்கும் நாட்களைக் கணக்கில் வைத்தே கிளம்புங்கள். சமர்ப்பிக்கும்போது அசல் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், பதிவு அட்டை, ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் கையில் இருக்கட்டும்.

பணம் வர ஆரம்பித்த பிறகு பலர் மறப்பது சுய உறுதிமொழி. ‘நான் இன்னும் வேலையில் இல்லை’ என்று ஆண்டுதோறும் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தொகை நின்றுவிடும். உதவித்தொகை வாங்குவதால் பதிவு ரத்தாகாது, மூப்பும் குறையாது. அந்தப் பயம் வேண்டாம். ஆனால் பதிவைப் புதுப்பிக்கும் கடமை அப்போதும் தொடர்கிறது.

ஐடிஐ

சேர்க்கை வழக்கமாகக் கோடை விடுமுறையில், பத்தாம் வகுப்பு முடிவுகளை ஒட்டித் தொடங்கும். விண்ணப்பம் ஆன்லைனில், கட்டணம் 50 ரூபாய். கணினி இல்லாவிட்டால் எந்த அரசு ஐடிஐக்குப் போனாலும் அங்கேயே உதவி மையத்தில் போட்டுக் கொடுப்பார்கள். ஆண்களுக்கு 14 முதல் 40 வயது. பெண்களுக்கு உச்ச வரம்பு இல்லை. கலந்தாய்வு முடிந்த பின்னும் காலியிடம் இருந்தால் நேரடிச் சேர்க்கை நடக்கும், அதனால் ஜூனில் தவறவிட்டவர்களும் விசாரித்துப் பார்க்கலாம்.

வெல்டர், வயர்மேன் பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்பு போதும். பிட்டர், எலக்ட்ரீஷியன், டர்னர், மெஷினிஸ்ட் ஆகியவற்றுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும், இரண்டு ஆண்டுப் படிப்பு. வெல்டர் ஓராண்டு. அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சீருடை, காலணி, பாடப்புத்தகம், சைக்கிள், பஸ் பாஸ் எல்லாம் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் சேரும். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இது உண்டு. ஆக மாதம் 1,750 ரூபாய்.

எந்த டிரேடு எடுப்பது? எலக்ட்ரீஷியன், பிட்டர் இடங்கள் முதலில் நிரம்பும். அது கிடைக்கவில்லை என்று சோர்ந்து போகத் தேவையில்லை. போய்வரக்கூடிய தூரத்தில் என்ன தொழிற்சாலை இருக்கிறது என்று பாருங்கள். திருச்சியில் பெல் நிறுவனத்தைச் சுற்றி ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் இருப்பதால் நல்ல வெல்டருக்கு வேலை இருக்கும். கோயம்புத்தூரில் பம்ப், மோட்டார், வார்ப்படத் தொழில் இருப்பதால் டர்னர், மெஷினிஸ்ட். ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வாகனத் தொழில். 71 அரசு ஐடிஐகளில் டாடா டெக்னாலஜிஸ் கூட்டுடன் நான்காம் தலைமுறைத் தொழில்நுட்ப மையங்கள் வந்துள்ளன. ரோபாட்டிக்ஸ், சிஎன்சி, மின்வாகனப் பிரிவுகள் அங்கே இருக்கின்றன, உள்ளூரில் பலருக்கு இது தெரியாததால் போட்டியும் சில இடங்களில் குறைவு.

தனியார் ஐடிஐயில் சேர்வதானால் பணம் கட்டுமுன் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: நீங்கள் சேரும் அந்த டிரேடுக்கு என்சிவிடி (தேசியத் தொழிற்பயிற்சிக் கவுன்சில்) அங்கீகாரம் இருக்கிறதா? சில இடங்களில் நிறுவனத்துக்கு இருக்கும், அந்தக் குறிப்பிட்ட பிரிவுக்கு இருக்காது. ரயில்வேயும் பொதுத்துறை நிறுவனங்களும் தரும் அப்ரண்டிஸ் அறிவிப்புகளில் என்சிவிடி, எஸ்சிவிடி (மாநிலக் கவுன்சில்) என்று தனித்தனியே எழுதியிருப்பார்கள். இரண்டாண்டு முடித்த பிறகு அதைப் படித்துப் பயனில்லை.

80 சதவீத வருகை இல்லாமல் அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுத முடியாது. பகுதி நேர வேலைக்குப் போகும் பையன்கள் இதில்தான் விழுகிறார்கள். பத்தாம் வகுப்போடு இரண்டாண்டு ஐடிஐ முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அப்ரண்டிஸ்

எல்லாத் திட்டங்களிலும் உருப்படியானது இதுதான். ஆனால் தமிழ்நாட்டுக் குடும்பங்களில் இதற்கு மரியாதை குறைவு. ‘படிச்சு முடிச்சும் இன்னும் டிரெய்னிங்கா?’ என்று கேட்பார்கள். தொழிற்சாலைக்குள் ஓராண்டு நின்றதற்கு அரசு முத்திரையுடன் சான்றிதழ் கிடைப்பது இதில் மட்டும்தான்.

1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி, 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம், ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்த மொத்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும். அதாவது கம்பெனிகளுக்கும் ஆள் தேவை. நீங்கள் கெஞ்சிப் பெறும் சலுகை அல்ல இது.

ஐடிஐ முடித்தவர்களும் பள்ளிப் படிப்போடு நிற்பவர்களும் அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா போர்டலில் பதிய வேண்டும். டிப்ளமோ, பட்டம் பெற்றவர்களுக்கு நாட்ஸ் போர்டல். தென் மாநிலங்களுக்கான அதன் வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. நாட்ஸுக்குப் படிப்பு முடித்த ஐந்து ஆண்டுக்குள் வர வேண்டும். ஏற்கெனவே அப்ரண்டிஸ் முடித்தவர்களையும், ஓராண்டு வேலை அனுபவம் உள்ளவர்களையும் பல நிறுவனங்கள் சேர்ப்பதில்லை. ஆகவே சின்ன வேலை ஒன்றில் சேர்ந்து பிஎஃப் ஓட ஆரம்பிப்பதற்கு முன் இந்தப் பக்கம் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

2019இல் திருத்திய விதிப்படி குறைந்தபட்ச மாத உதவித்தொகை: ஐந்து முதல் ஒன்பதாம் வகுப்பு வரை 5,000 ரூபாய், பத்தாம் வகுப்புக்கு 6,000, பன்னிரண்டாம் வகுப்புக்கும் ஐடிஐக்கும் 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. இதை 36 சதவீதம் உயர்த்த மத்திய அப்ரண்டிஸ் கவுன்சில் 2025 மே மாதம் பரிந்துரைத்தது. நீங்கள் சேரும்போது எந்த விகிதம் நடப்பில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். இவை குறைந்தபட்சம்தான். அதிகம் தரும் கம்பெனிகள் உண்டு, குறைவாகத் தருவது விதிமீறல்.

ஐடிஐ முடித்தவருக்கு 7,000 ரூபாய் என்றால், அதில் 25 சதவீதம், அதாவது 1,750 ரூபாய், மத்திய அரசின் பங்காக வர வேண்டும். ஆனால் உச்சவரம்பு 1,500. எனவே கம்பெனி 5,500 போடும், மீதி 1,500 அரசிடமிருந்து நேராக உங்கள் ஆதார் பொருந்திய கணக்குக்கு வரும். மாதாமாதம் 5,500 மட்டுமே வருகிறது என்றால் உடனே எச்ஆரோடு சண்டைக்குப் போகாதீர்கள். முதலில் மேலே சொன்ன வங்கிப் பொருத்தத்தைப் பாருங்கள். அது சரியாக இருந்தால், உங்கள் வருகைப் பதிவைக் கம்பெனி அந்த மாதம் போர்டலில் ஏற்றியதா என்று கேளுங்கள். அதை ஏற்றாமல் அரசுப் பங்கு நகராது.

எங்கே விண்ணப்பிக்கலாம்? பெரம்பூர் ஐசிஎஃப், தெற்கு ரயில்வேயின் பெரம்பூர், பொன்மலை, போத்தனூர் பணிமனைகள், திருச்சி பெல், நெய்வேலி என்எல்சி, ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் எல்லாம் அறிவிப்பு வெளியிடும் இடங்கள். ஐசிஎஃப் ஐடிஐ இல்லாத பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புக்காரர்களையும் சேர்க்கிறது. ரயில்வேயில் தேர்வும் கிடையாது, நேர்காணலும் கிடையாது. ஐடிஐ முடித்தவர்களுக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணையும் ஐடிஐ மதிப்பெண்ணையும் வைத்துத் தகுதிப் பட்டியல் போடுகிறார்கள். இவர்களுக்கு வயது உச்சவரம்பு 24 என்பதால் தள்ளிப்போட முடியாது. பிரிவு வாரியாகத் தளர்வு உண்டு.

பொதுத்துறையில் அடிக்கடி நடக்கும் குளறுபடி ஒன்று: போர்டலில் பதிந்ததோடு விண்ணப்பம் முடிந்துவிட்டது என்று நினைப்பது. போர்டலில் கிடைக்கும் பதிவு எண்ணை எடுத்துக்கொண்டு, அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சில இடங்களில் அந்தப் படிவத்தை அச்செடுத்துத் தபாலிலும் அனுப்பச் சொல்வார்கள். அறிவிப்பைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள், இந்த வரி அங்கேதான் இருக்கும்.

சேர்ந்ததும் ஒப்பந்தம். இது போர்டலில் உருவாகி, நீங்களும் கம்பெனியும் ஒப்புக்கொண்டு, பதிவு எண் பெற வேண்டும். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கையெழுத்து. ஒப்பந்தத்தில் நான்கு இடங்களைப் பாருங்கள்: டிரேடின் பெயர், தொடங்கும் தேதியும் முடியும் தேதியும், தொகை, அது ‘டெசிக்னேட்டட் டிரேடு’ (சட்டப்படி அரசு அறிவித்த டிரேடு) வகையா ‘ஆப்ஷனல் டிரேடு’ (விருப்ப டிரேடு) வகையா என்பது. முதல் வகையில்தான் இறுதியில் அகில இந்திய அப்ரண்டிஸ் தேர்வும் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழும் வரும். இரண்டாவது வகைக்குத் துறைத் திறன் கவுன்சில் சான்றிதழ் கிடைக்கும். பொதுத்துறை அறிவிப்புகளில் இரண்டுக்கும் ஒரே மதிப்பு இல்லை. வெல்டர் படித்துவிட்டு ‘அசெம்பிளி ஆபரேட்டர்’ என்ற பெயரில் கையெழுத்துப் போட்டால் அந்த ஓராண்டு வெல்டர் கணக்கில் ஏறாது.

ஒரு மாதம் ஆகியும் உங்கள் லாகினில் ஒப்பந்தம் தெரியவில்லை என்றால் நீங்கள் அப்ரண்டிஸ் இல்லை, குறைந்த கூலித் தொழிலாளி. ‘டிரெய்னி’ என்று அடையாள அட்டையில் போட்டிருப்பதற்கு எந்தச் சட்ட மதிப்பும் கிடையாது. முதலில் எச்ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப் செய்தி, மின்னஞ்சல் எதுவானாலும் சரி. பலனில்லை என்றால் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் உதவி இயக்குநரிடம் புகார் கொடுக்கலாம். அப்ரண்டிஸைக் கூடுதல் நேரம் வேலை செய்ய வைக்க அரசின் அப்ரண்டிஸ் ஆலோசகரின் அனுமதி வேண்டும் என்பது சட்டம். பிஎஃப், இஎஸ்ஐ அப்ரண்டிஸுக்கு இல்லை. ஆனால் பணியில் காயம் பட்டால் இழப்பீடு உண்டு.

நடுவில் விட்டுப் போவதானால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். போர்டலில் ஒப்பந்தம் முறையாக முடிக்கப்படாவிட்டால் அது திறந்தே கிடக்கும், வேறு கம்பெனியில் புது ஒப்பந்தம் போட முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள். காரணமில்லாமல் முறித்தால் பயிற்சிச் செலவைக் கேட்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது.

முடித்தவுடன் அதே கம்பெனியில் வேலை உறுதியா? இல்லை. வேலைக்கு எடுக்கும் கொள்கையை நிறுவனமே வகுத்துக்கொள்ளலாம். ஆனால் ரயில்வே நிறுவனங்களில் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு ரயில்வே லெவல் 1 நேரடி நியமனத்தில் 20 சதவீத இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தத் தேர்வை எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் போட்டி வேறு வரிசையில்.

குறுகிய காலப் பயிற்சி

தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம், நான் முதல்வன் திட்டம், மத்திய அரசின் பிஎம்கேவிஒய் (பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டம்), ஊரகக் குடும்பங்களுக்கான தீனதயாள் திட்டம் எனப் பல பெயர்களில் வருகின்றன, எல்லாமே இலவசம். தீனதயாள் திட்டத்துக்குக் கிராமப்புற ஏழைக் குடும்பமாக இருக்க வேண்டும், வயது 15 முதல் 35. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 45 வரை தளர்வு. சொந்தத் தொழில் எண்ணம் இருப்பவர்கள் மாவட்ட முன்னோடி வங்கி நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்துக்குப் போகலாம். தங்குமிடம், சாப்பாடு இலவசம். செல்பேசி பழுது, ஏசி மெக்கானிக், தையல், ஆடு வளர்ப்பு என்று சில வாரப் பயிற்சிகள் நடக்கும்.

இந்த மையங்களின் தரம் ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறும். சேருமுன் போன பேட்ச்சில் படித்த இரண்டு பேரின் எண்ணை வாங்கிப் பேசுங்கள். கருவிகள் ஆளுக்கொன்றா, பத்துப் பேருக்கு ஒன்றா? வேலை வாங்கிக் கொடுத்தது எந்த ஊரில், எவ்வளவு சம்பளத்தில்? சான்றிதழ் எத்தனை மாதத்தில் கைக்கு வந்தது? எண் தரத் தயங்கும் மையத்தில் சேர அவசரப்பட வேண்டாம்.

வேலைவாய்ப்பு முகாம்

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில் சிறு முகாம்கள் நடக்கும். பெரிய முகாம்கள் கல்லூரி வளாகங்களில் சனிக்கிழமை. தனியார் துறை வேலைகளுக்கென்று மாநில அரசு தனி இணையதளமும் நடத்துகிறது. கூட்டம் குறைவான சிறு முகாமில்தான் பேச நேரம் கிடைக்கும். பயோடேட்டா பத்து நகல், போட்டோ, ஆதார் நகல், சான்றிதழ் நகல் போதும். அசல் சான்றிதழைக் காட்டலாம், யாரிடமும் விட்டு வரக் கூடாது.

மேசையில் உட்கார்ந்திருப்பவர் சொல்லும் தொகை பெரும்பாலும் சிடிசி, அதாவது பிடித்தங்களையும் சேர்த்து உங்களுக்காகக் கம்பெனி செலவிடும் மொத்தத் தொகை. கேட்க வேண்டியவை இவை: கைக்கு எவ்வளவு வரும்? பிஎஃப், இஎஸ்ஐ பிடித்தமா? கம்பெனி ரோலா, கான்ட்ராக்டர் ரோலா? கான்ட்ராக்டர் என்றால் அவர் பெயர் என்ன? ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு பிடிப்பார்கள்? இரவு ஷிஃப்ட் உண்டா, பஸ் எந்த ஊர் வரை வரும்? 16,000 என்று சொன்ன வேலை ஹாஸ்டல், மெஸ், பிஎஃப் கழிந்து 11,000 ஆவதும், 13,000 என்று சொன்ன வேலை வீட்டு வாசலில் பஸ் ஏறுவதால் அதைவிட லாபமாவதும் உண்டு. பதிவுக் கட்டணம், சீருடை டெபாசிட், ‘பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷன்’ என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அங்கிருந்தே முகாம் நடத்தும் அலுவலரிடம் போய்ச் சொல்லுங்கள். அரசு முகாமில் எதற்கும் பணம் வாங்கக் கூடாது. ‘செலக்டட்’ என்று சொன்னால் ஆஃபர் கடிதம் எந்தத் தேதியில், எந்த முகவரியிலிருந்து வரும் என்று குறித்துக்கொண்டு அடுத்த மேசைக்கு நகருங்கள்.